பாக்கலாம்ணா

டீ வேண்டுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்தான் உண்டு என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான். வேண்டும், அல்லது வேண்டாம். மூன்றாவதாக ஒரு பதிலும் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர், அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த ஒரு பெண். காலையில் டீக்காரர் கேனோடு மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும் நான் திரும்பிக் கேட்பேன்.

“டீ சொல்லட்டுமாம்மா?”

“பாக்கலாம்ணா.”

டீயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? டீக்காரர் எதிரே நிற்கிறார், கேனில் டீ இருக்கிறது, அவருக்கு அடுத்த மாடிக்குப் போக வேண்டும். கேட்டு அலுத்துப்போய் நானே ஒரு கப் கூடுதலாக வாங்கி அவர் மேசையில் வைத்துவிடுவேன். சில நாள் குடிப்பார். சில நாள் ஆடை கட்டி அப்படியே கிடக்கும். ஏன் குடிக்கவில்லை என்றால், “நான் வேணும்னு சொல்லலையேண்ணா” என்பார். வேண்டாம் என்றும் சொல்லவில்லையே என்று நான் சண்டைக்குப் போவேன்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி பெரியதில்லை. ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஏழெட்டுப் பேர். கீழே நாளெல்லாம் இரும்பு கடையும் சத்தம். மேலே நாங்கள், பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டும் பெட்டி செய்துகொண்டிருந்தோம். டிபன் பாக்ஸ் அளவு இருக்கும். அதிலிருந்து வளைந்த கை ஒன்று நீண்டு, நுனியில் ஒரு கேமரா. அதன் கீழே புத்தகத்தை விரித்து வைத்துப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தைப் படம் பிடித்துத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும். இப்போது செல்போனே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அப்போது செல்போன்களுக்குத் தமிழ் அவ்வளவு ஓடாது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் அவருடைய பொறுப்பு. பெட்டியை வீடுகளுக்குக் கொண்டுபோய் வைத்து, பழக்கிக் கொடுத்து, பழுதானால் திட்டு வாங்கிக்கொள்வது என்னுடைய பொறுப்பு.

அவர் பூந்தமல்லிக்காரர். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே பாய், மெத்தை, தலையணை வியாபாரம். நான் அண்ணனூர். எனக்கு எதுவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இருக்க வேண்டும். வருகிறேன் என்றால் வா, இல்லையென்றால் நடையைக் கட்டு. அப்படிப்பட்ட என்னை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததில் எங்கள் முதலாளிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

அலுவலகத்தில் அவரை முதுகுக்குப் பின்னால் ‘எம்’ மேடம் என்போம். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் விழித்துக்கொள்வது கெர்னல் என்கிற அடிப்படை மென்பொருள். அது எழுந்தால்தான் கேமரா, குரல் எல்லாம் எழும். அந்தக் கெர்னலைக் கட்டுவதற்கு முன்பு ஒரு நீலத்திரை வந்து கேள்வி கேட்கும், ஒன்றிரண்டல்ல, ஆயிரக்கணக்கில். யூஎஸ்பி வேண்டுமா? அதில் கேமரா மாட்டுவாயா? கீபோர்டு? பென்டிரைவ்? பிரிண்டர்? ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று பதில். ‘ஒய்’ என்று அழுத்தினால் அந்த வசதி கெர்னலுக்குள்ளேயே கலந்துவிடும், எப்போதும் கூடவே இருக்கும். ‘என்’ என்றால் கிடையவே கிடையாது. ‘எம்’ என்றால் அது தனி ஃபைலாக வெளியே கிடக்கும். தேவைப்படும்போது கெர்னல் எடுத்து மாட்டிக்கொள்ளும், வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம்.

இப்படி ஒரு மூன்றாவது பதிலை வைத்தவர்கள் இவரை மனத்தில் வைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நான் சொல்வதுண்டு. கேமராவுக்கு எம். கீபோர்டுக்கு எம். ஸ்பீக்கருக்கு எம். நீலத்திரையில் வரிசை வரிசையாக அந்த எழுத்து இறங்கிக்கொண்டே போகும். அதில் நன்மையும் இருந்தது. கெர்னல் மெலிந்து, பெட்டி சட்டென்று எழுந்துகொள்ளும். “நம்ம பொட்டி வெரசா எந்திரிக்குதுங்க” என்று கோயம்புத்தூர்க்காரரான முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

வாழ்க்கையிலும் அவருக்கு அதே எழுத்துதான். ஒரு பக்ரீத்துக்கு முந்தைய நாள், “லீவு முடிஞ்சு வரும்போது பிரியாணி உண்டாம்மா?” என்று கேட்டோம். “பாக்கலாம்ணா.” நம்பாமல் அவரவர் சாதம் கட்டிக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அண்டாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். பின்னாலேயே தயிர்ப்பச்சடிப் பாத்திரத்தோடு இவர். எங்கள் தயிர்சாதமும் புளிசாதமும் கீழே லேத் பட்டறைக்குப் போயிற்று. அடுத்த வருடமும் கேட்டோம், அதே பதில். பழைய அண்டாவை நினைத்துக்கொண்டு ஒருவரும் சாப்பாடு எடுத்து வரவில்லை. அவர் மாமி மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மருத்துவமனையில் இருந்துவிட்டார். நாங்கள் டீயும் பன்னும் தின்று பொழுதை ஓட்டினோம். மறுநாள் கோபமாகக் கேட்டேன். “நான் கொண்டாரேன்னு சொல்லலையேண்ணா” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

ஒருநாள் அவருடைய அத்தா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு ரெக்சின் பை. மகள் வங்கிக்குப் போயிருந்த நேரம். தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் குரலைத் தணித்துக் கேட்டார்.

“தம்பி, எம் பொண்ணு இங்கயாச்சும் ஆமா, இல்லன்னு வாயத் தொறந்து சொல்லுதா?”

“இல்ல பாய். இங்கயும் பாக்கலாம்தான்.”

“ரெண்டு எடம் வந்து போச்சு. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு, நான் பேசிக்கறேன்னேன். பாக்கலாம் அத்தாங்குது. மாப்ள ஊட்டுக்காரங்க எவ்ளோ நாள் பாப்பாங்க? கடையில மெத்த வாங்க வர்றவன்கூட அமுக்கிப் பாத்துட்டு ஒரு முடிவ சொல்லிட்டுப் போறான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை. போகும்போது, தான் வந்ததை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சொல்லவில்லை. ஆனால் மழைக்கு ஒதுங்கிப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு சாயங்காலம் சுற்றி வளைத்துக் கேட்டேன். “ஏம்மா, எதுக்குமே ஒரு முடிவா சொல்ல மாட்டியா நீ?”

“ஒய்னு சொல்லிட்டா அப்புறம் எடுக்க முடியாதுண்ணா. மொத்தத்தையும் திரும்பக் கட்டணும். எம்னா யாருக்கும் நஷ்டம் இல்ல.”

“காத்துகினு கீறவனுக்கு நஷ்டம்மா.”

“அதான் யாரையும் காத்திருக்கச் சொல்றதில்லையே.” சாலையில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தபடியே சொன்னார். “வரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டா? அது எனக்கு ரொம்பப் பயம்ணா.”

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அது சோம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. தன் வார்த்தையில் யாராவது சாய்ந்து நின்று, தன்னால் அவர்கள் விழுந்துவிடக் கூடாது என்கிற பயம். புரிந்ததே தவிர எரிச்சல் குறையவில்லை.

அந்தப் பயத்தின் மேலேயே ஒருநாள் இடி விழுந்தது. பெட்டிகளில் உள்ளே இருந்த மெமரி தேய்ந்து, அவை ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. அதே மெமரி சந்தையில் கிடைக்கவில்லை. கெர்னலை மட்டும் ஒரு சிறிய சில்லில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிடலாம் என்று முடிவானது. அப்படி மாற்றிய முதல் பெட்டியை நான் சேக்காட்டுக்கு எடுத்துப் போனேன்.

சேக்காட்டில் செல்வி என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. வங்கி வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு, வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா தையல் தைப்பவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் அந்த வீட்டில் புத்தகம் படிக்கத் தெரிந்தது எங்கள் பெட்டி ஒன்றுதான். அதுவும் ஒரு வாரமாகப் பழுதாகிக் கிடந்தது. நான் புதுப் பெட்டியைக் கொண்டுபோனது வியாழக்கிழமை மதியம்.

பொத்தானைச் செல்வியே அழுத்தினாள். பெட்டி எழுந்ததும், “வணக்கம், படிக்கலாமா?” என்று கேட்கும். கேட்கவில்லை. மறுபடி அழுத்தினாள். பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. அது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அமைதிதான்.

“என்ன சார், ஊமைப் பொட்டியா கொண்டாந்திருக்கீங்க?”

நான் வாசலுக்கு வந்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “இன்னாம்மா, பொட்டி வாயே தொறக்கல.”

“லைட் எரியுதாண்ணா?”

“எரியுது. அதோட சரி.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு மெல்லிய குரலில், “அண்ணா, பென்டிரைவுக்கு எம் போட்டிருக்கேன்” என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எம் போட்டால் அந்த வசதி தனி ஃபைலாக வெளியே இருக்கும் என்றேனல்லவா? இந்தப் பெட்டியில் வெளியே என்பது அந்தப் பென்டிரைவுதான். பென்டிரைவைப் படிக்கக் கெர்னலுக்கு அந்த ஃபைல் வேண்டும். ஃபைலோ பென்டிரைவுக்குள் இருக்கிறது.

“அப்போ, பீரோ சாவிய பீரோக்குள்ளயே வெச்சிப் பூட்டிட்டயா?”

“ஆமாண்ணா.”

அவர் வாயிலிருந்து ஆமாம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அலுவலகத்தில் சோதித்தபோது ஏன் தெரியவில்லை என்றால், சோதித்த பெட்டியில் பழைய மெமரி இன்னும் உயிரோடு இருந்திருக்கிறது. அது சத்தமில்லாமல் அதிலிருந்தே எழுந்துகொண்டுவிட்டது.

பெட்டியை அலுவலகத்துக்குத் திரும்ப எடுத்துப்போய்ச் சரிசெய்துவிடலாம் என்றேன். செல்வி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். “இது வெளிய போனா ஞாயித்துக்கிழமைக்குள்ள வராது சார். வேணும்னா சரிபண்றவங்க இங்க வரட்டும்.” நான் அதைப் போனில் சொல்ல, மறுமுனையில் “பாக்…” என்று தொடங்கிய சொல் பாதியில் நின்றது. ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார்.

தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்தார்கள். நீலத்திரை வந்தது. பென்டிரைவுக்கான வரியில் போய் ஒய் அழுத்தினார். எழுத்து மாறவில்லை. மறுபடி அழுத்தினார். எம் அப்படியே நின்றது.

“என்ன ஆச்சு?” என்றாள் செல்வி. அவளுக்குக் காது கூர்மை, ஒரே பொத்தானை இருமுறை அழுத்தியது கேட்டுவிட்டது.

“இதுக்கு மேல இருக்கறது எம்மா இருக்குங்க. மேல இருக்கறது எம்மா இருந்தா, இதை ஒய் ஆக்க விடாது. மேலயிருந்து மாத்திட்டு வரணும்.”

“அப்போ மேலயிருந்தே மாத்துங்க” என்றாள் செல்வி, ஏதோ காய்கறி நறுக்கச் சொல்வது போல.

மாற்றிவிட்டுக் கெர்னலைக் கட்டச் சொன்னதும் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. பழைய லேப்டாப், ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார். “அதுவரைக்கும் நான் மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?” என்று கேட்டுவிட்டுச் செல்வியே சிரித்தாள். எங்களுக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை. ‘எம்’ மேடம் மெதுவாகக் கையை நீட்டி, பெட்டியின் கேமராவுக்குக் கீழே விரித்து வைத்திருந்த புத்தகத்தை எடுத்தார். பணவீக்கம் பற்றிய பாடம். படிக்கத் தொடங்கினார்.

முதலில் எங்கள் பெட்டியைப் போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார். “கணக்கு வர்ற எடத்துல ரெண்டு தடவ படிங்க. அட்டவணைய பக்கவாட்டுல படிங்க, மேலயிருந்து கீழ படிக்காதீங்க” என்று செல்வி திருத்தினாள். அவரும் திருத்திக்கொண்டார். செல்வியின் அம்மா மெஷின் இல்லாமல் கையாலேயே பொத்தான் தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில், “அதான் தக்காளி இந்த வெலை விக்குதா?” என்றார். செல்வி அதையே உதாரணமாக வைத்துக்கொண்டாள்.

கட்டி முடித்து, ஏற்றி, பொத்தானை அழுத்தினார்கள். அமைதி.

பென்டிரைவுக்கும் கெர்னலுக்கும் நடுவில் இன்னொரு இணைப்பு உண்டாம். அந்தக் கேள்வி வேறு பக்கத்தில் இருக்கும், யாருக்கும் நினைவு வராது, அதுவாகவும் மாறாது. அது இன்னும் எம்மிலேயே இருந்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இரவு வீட்டில் வைத்துக் கட்டிவிடலாம் என்று லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தார். எழுந்து, வாய் தானாகச் சொல்வது போல, “நாளைக்குப் பாக்கலாங்க” என்றார்.

செல்வி முகத்தை நிமிர்த்தினாள். “அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் படிச்சுக் காட்ட, கேசட்டுல பதிஞ்சு கொடுக்க, பரீட்சை எழுதிக் கொடுக்கன்னு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவங்கமேல எனக்குக் கோவமே இல்ல. வேற ஆளைத் தேடிப்பேன். பாக்கலாம்னு சொன்னவங்களுக்குத்தான் நாள் பூரா வாசல்ல காலடி கேக்குதான்னு உக்காந்திருப்பேன். நீங்க வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க.”

திட்டும் தொனியே இல்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். நான் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ‘எம்’ மேடம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வரேன்” என்றார். பிறகு, அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, “காலையில ஒம்பது மணிக்கு வரேன். பொட்டி பேசற வரைக்கும் போகமாட்டேன்” என்றார். நான் அவரை ஆவடியில் பூந்தமல்லிப் பேருந்து ஏற்றிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நான் நம்பவில்லை. அன்று இரவெல்லாம் எனக்கு அண்டா இல்லாத பக்ரீத்தே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. காலையில் சேக்காட்டுத் தெருவில் வண்டியைத் திருப்பும்போது செல்வியிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது.

உள்ளே தையல் மெஷின் மேல் லேப்டாப். புதுக் கெர்னலைச் சில்லில் ஏற்றிக்கொண்டிருந்தார். தூங்காத கண்கள். பென்டிரைவு வரைக்கும் மேலிருந்து கீழாக எல்லாவற்றையும் ஒய்யாக மாற்றியிருந்தார். “கெர்னல் கொஞ்சம் குண்டாயிடுச்சுண்ணா. எழுந்திரிக்க நேரமாகும். சார் கேட்டா நான் பேசிக்கறேன்” என்றார். முதலாளியோடு அவர் பேசிக்கொள்வதாகச் சொன்னதும் எனக்குப் புதிதுதான்.

செல்வி பொத்தானை அழுத்தினாள். முன்னைவிட நேரமானது. செல்வியின் அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

“வணக்கம், படிக்கலாமா?”

அப்பாடா என்று நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘எம்’ மேடம் லேப்டாப் மூடியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் பேசியது.

செல்வி தேர்வில் தேறினாள், இப்போது வங்கியில் வேலை பார்க்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களை நானும் எம்மில் நிறுத்தி வைக்கக் கூடாது. ‘எம்’ மேடம் அந்த வருடமே கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட அன்றே மகள் பதில் சொல்லிவிட்டதாக அவருடைய அத்தா எனக்குப் போனில் சொன்னார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி ஒரு லாரி மெத்தை விற்றால்கூட வந்திருக்காது.

ஆனால் அன்று காலை நடந்தது இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. பெட்டி பேசிவிட்டது, வேலை முடிந்தது என்று அவர் பையை எடுத்தார். செல்வி பெட்டியின் பொத்தானைத் தடவி அழுத்தி அதை அணைத்தாள். எனக்குத் திக்கென்றது.

“நேத்து பணவீக்கம் பாதியில நிக்குதுக்கா. அத நீங்களே முடிச்சிட்டுப் போங்க. அடுத்த பாடத்துலேருந்து அது படிக்கட்டும்.”

அவர் பையைக் கீழே வைத்தார். புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார். நான் தெருமுனைக் கடைக்குக் கிளம்பியவன், வாசலில் நின்று பழக்கதோஷத்தில் திரும்பிக் கேட்டேன்.

“டீ சொல்லட்டுமாம்மா?”

“சொல்லுங்கண்ணா” என்றார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “சக்கரை கம்மியா.”